தடம் பதியாத செயல்

தடம் பதியாமல் ஒரு செயலைச் செய்ய இயலுமானால், அச்செயலுக்குரிய பொறுப்பும் நம்மை விட்டு நீங்கிவிடுமா? பழமையான இவ்வினாவிற்குக் கணினி உலகம் புதியதோர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியைப் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொடக்கக் காலத்தில் அதனை அறிய விரும்பியவர் பெரும்பாலும் தம் கணினியின் வன்தட்டைப் பகுத்து, அதில் நிறுவியே பார்க்க வேண்டியிருந்தது. கை தவறினால் முன்பிருந்ததும் அழிந்து போகும். நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வழியைச் சிலர் முன்னரே முயன்றிருந்தபோதிலும், அதனைப் பலரறியச் செய்தவர் ஜெர்மானியப் பொறியாளர் கிளவுஸ் க்னாப்பர். அவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், முழுமையான ஓர் இயங்குதளத்தைச் சுருக்கி ஒரே குறுவட்டில் அடக்கிக் காட்டியது. இன்று அப்பணியை விரலளவேயுள்ள விரலி செய்கிறது. கணினி வன்தட்டை நாடாமல் விரலியைப் படித்து எழுகிறது. நாம் செய்யும் மாற்றங்கள் யாவும் தற்காலிக நினைவகத்தில் தங்குகின்றன. கணினியை நிறுத்தியதும் மறைகின்றன.

இது பாராட்டத்தக்க ஏற்பாடு என்பதே என் கருத்து. ஒலி கேட்கிறதா, கம்பியில்லா இணைப்புக் கிடைக்கிறதா, தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா என்பவற்றை ஒரு மணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம். பிறர் சொல்லை நம்பி ஏற்பதும் வேண்டா, வெறுப்பதும் வேண்டா. (விரலியிலிருந்து இயங்கும்போது வேகம் குறைவாகவே இருக்கும். அதைக் கண்டு லினக்ஸே மந்தமானது என்று தீர்ப்பளிப்போர் அவசரக்காரர்.)

ஆயினும், இங்கே ஒரு வாயிலும் திறக்கிறது. வன்தட்டில் பிறர் சேமித்த கோப்புகள் மறைக்குறியாக்கம் செய்யப்படாமல் இருப்பின், விரலியில் எழுந்த லினக்ஸ் அவற்றைத் திறந்து காட்டக்கூடும். கடவுச்சொல் கேட்கும் காவலாளி அப்போது உறங்குகிறான். ஏனெனில், அவன் பணியாற்றும் இயங்குதளமே எழவில்லை. ஆசிரியர் அறைக் கணினியில் ஒரு மாணவன் இவ்வாறு மதிப்பெண் பட்டியலைப் படித்துவிட்டான் என்று கொள்வோம். "நான் எதையும் எடுக்கவில்லை, எதையும் மாற்றவில்லையே" என்று அவன் வாதிடலாம். வாதம் பொருத்தமாகவே ஒலிக்கும். ஆனால், கணினியின் நினைவகம் அழிவது போலக் கண்டவனுடைய நினைவு அழிவதில்லை. தடம் அங்கே பதிந்துவிட்டது. யாருடைய மதிப்பெண்ணோ, அம்மாணவனின் மறைவு பறிபோய்விட்டது. பறிபோனதை அவன் அறியவும் வழியில்லை. அறியாமல் இழப்பவனுக்கு முறையிடும் வாய்ப்புங்கூட இல்லாததால், இத்தீங்கு வெளிப்படையான திருட்டினும் கொடியது என்பேன்.

இதனால் தடம் மறைத்தலே குற்றம் என்று துணிந்துவிடலாகாது. 2009ஆம் ஆண்டு முதல் வெளிவரும் டெயில்ஸ் என்னும் லினக்ஸ் வகை, பயன்படுத்திய கணினியில் சுவடு விடாமலிருக்கவென்றே அமைக்கப்பட்டது. தமக்குச் செய்தி தந்தவரைக் காக்கக் கடமைப்பட்ட இதழாளருக்கு அது அரண். மேலும், பழுதுற்று எழ மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவதும் இதே விரலிதான். திறக்கும் வாயில் ஒன்றே. உள்ளே கை செல்வதும் ஒன்றே. உரியவர் அழைத்தாரா இல்லையா என்பதில்தான் உதவியும் ஊடுருவலும் பிரிகின்றன.

எங்கள் பள்ளியில் விரலி ஆயத்தம் செய்யும்போதே மாணவருக்கு இவ்வினா எழுந்துவிடுகிறது. லினக்ஸை விரலியில் எழுதுகையில் அதில் முன்பிருந்தவை பொதுவாக அழிந்துவிடும். சிறுவர்களோ வீட்டிலிருந்து அண்ணனின் விரலியை எடுத்து வருவார்கள். அண்ணனிடம் கேட்டாயிற்றா, அதிலுள்ள திருமணப் படங்களை வேறிடத்தில் படியெடுத்தாயிற்றா என்று விசாரித்த பின்னரே வேலையைத் தொடங்குகிறோம்.