நிலத்தின் கீழ் இருப்பவர்க்கும் நாம் கடன்பட்டவர்களா?

ஆலயமோ இல்லமோ அமைப்பதற்கு முன்னர் நிலத்தைப் பரீட்சிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த விதி. ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு நிரப்புவார்கள். மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அதமம். அதன்பின் நிலத்தில் கிடக்கும் எலும்பு, மயிர், கரி, சாம்பல், ஓடு முதலியவற்றை அகற்றுவர். இவற்றைச் 'சல்லியம்' என்று சிற்ப நூல்கள் கூறும். கட்டுபவனுக்குக் கேடு தருவன என்று கருதியே இவை களையப்படுகின்றன.

இவ்விதியைச் சிறுவயது முதலே கேட்டு வந்தவன் நான். ஆயினும் அதனுள்ளே ஓர் அறக்கேள்வி இருப்பதை, அரச சேவையிலிருந்து இளைப்பாறிய 2017ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே ஒரு வயலோரம் நின்றபோதுதான் உணர்ந்தேன். மகளிடம் போயிருந்த சமயம். அவர்களது ஊருக்கு வெளியே வீட்டுத் திட்டமொன்றுக்கென ஒதுக்கப்பட்ட வயலிலே பெக்கோ இயந்திரமொன்று நீளநீளமாகப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தது. அத்திவாரம் வெட்டுகிறார்கள் என்றே எண்ணினேன். "இல்லை மாமா, கீழே பழைய காலத்து ஆக்கள் இருந்தவையோ எண்டு முதலில பாக்கினம்" என்றார் மருமகன்.

அந்நாட்டில் 1990ஆம் ஆண்டு நவம்பரில் திட்டமிடல் வழிகாட்டி ஒன்று வெளியிடப்பட்டது. கட்டட அனுமதி கேட்பவர், தமது நிலத்தின் கீழ் என்ன உண்டு என்பதை அனுமதி கிடைக்கும் முன்னரே, தமது செலவிலேயே ஆராய்விக்க வேண்டும் என்ற நடைமுறை அதன்மூலம் நிலைபெற்றது. அவ்வழிகாட்டி பின்னர் மாற்றப்பட்டாலும் நடைமுறை மாறவில்லை.

வேலையின் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். பெக்கோவின் வாளியில் பல் இராது. விளிம்பு நேராக இருக்கும். பள்ளம் இரண்டு மீற்றர் அளவு அகலம், 30 அல்லது 50 மீற்றர் நீளம். உழவு மண்ணை அந்த வாளி மெல்லிய படையாகச் சீவி எடுக்க, தொல்லியலாளர் ஒருவர் பக்கத்திலே கண் வாங்காமல் நிற்பார். அவர் தேடுவது பொன்னையல்ல, மண்ணின் நிற மாற்றத்தை. கம்பம் உக்கிப் போனாலும், அது நின்ற குழியில் பின்னர் விழுந்த மண் வேறு நிறமாகவே இருக்கும். கதியால் வேலிக்காக மூன்று தலைமுறை வழக்காடும் எம்மவருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு நிலமே இவ்வாறு திறக்கப்படும். 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரில் அது ஒரு பரப்புக்கும் குறைவு. ஆகவே நீண்ட பழங்கால்வாய்கள் அகப்பட்டுவிடும். சிதறிக் கிடக்கும் புதைகுழிகள் இரு பள்ளங்களுக்கு நடுவே தப்பிவிடவும் கூடும்.

அக்காலத்திலேயே கேம்பிறிட்ஜுக்கும் ஹன்ரிங்டனுக்கும் இடையில் ஏ-14 என்னும் நெடுஞ்சாலைக்காக மிகப் பெரிய அகழ்வு நடந்துகொண்டிருந்தது. 200க்கு மேற்பட்ட தொல்லியலாளர் அதில் ஈடுபட்டனர். உரோமர் காலத்து மட்பாண்டச் சூளைகள், மக்கள் கைவிட்டுப் போன மத்தியகாலக் கிராமம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பியர் காய்ச்சியதன் எச்சம் (ஆலய மலரிலே இதை எழுதுவதற்கு வாசகர் பொறுத்தருள்க) என்பனவெல்லாம் வெளிப்பட்டன. 2020இல் அந்நெடுஞ்சாலை முழுவதும் திறந்துவிடப்பட்டது.

அப்படியானால் அழிவு அழிவுதானே என்று கேட்கலாம். படம் பிடித்து, அளந்து, எழுதி வைத்துவிட்டு அதன்மேல் தார் ஊற்றினால் அந்தக் கிராமத்துக்கு என்ன பயன்? நானும் மருமகனிடம் இப்படியே கேட்டேன். பின்னர் என் தொழிலை நினைத்துப் பார்த்தேன். மரணப் பதிவு இறந்தவரைத் திருப்பித் தருவதில்லை. ஆனால் பதிவே இல்லாத இறப்பு எத்தகையது என்பதை, இந்த மாவட்டத்திலே எழுதுவினைஞராக இருந்த எவரும் அறிவர்.

இனி மறைத்து வைத்த ஒன்றைச் சொல்கிறேன். 2012ஆம் ஆண்டில் எமது ஆலயத்து அன்னதான மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டினோம். தென்மேற்கு மூலையில் நாலடி ஆழத்தில் மேசன்மார் ஓடுகளைக் கண்டார்கள். உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. எலும்பு போன்ற சிறு துண்டுகளும் இருந்தன. சல்லியம், எடுத்து எறியுங்கள் என்றார் ஒருவர். "ஒருத்தரும் வாய் திறவாதையுங்கோ, காணி போயிடும்" என்றார் இன்னொருவர். தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940 முதல் உண்டு என்பதும், புதையுண்ட தொல்பொருள் அரசுக்குரியது, கண்டால் அறிவிக்க வேண்டும் என்பதும் அங்கு நின்றவர்களில் நன்கு தெரிந்தவன் நான் ஒருவனே. பகல் முழுவதும் பிறருக்குச் சட்டம் எடுத்துச் சொல்லும் கதிரையில் இருந்தவன். அன்று நான் சொன்னது, "பொழுது படமுதல் கொன்கிறீற் போட்டு முடியுங்கோ" என்பதுதான்.

அந்தப் பயம் காரணமற்றது என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் பழைய சுவர் வெளிப்பட்டதாலே வயல் கைமாறிப் போவதில்லை. புதையல் என்று சட்டம் வகுத்தவை நீங்கலாக, பொருளும் பெரும்பாலும் நிலக்காரருக்கே. அங்கே தோண்டிப் பார்ப்பதற்குப் பணம்தான் செலவு. இங்கே ஒரு கல் வெளிப்பட்டால் அது யாருடைய கல் என்ற வாதம் முதலில் எழுகிறது. வழிபடப் போனவர் வாசலில் மறிக்கப்பட்ட செய்திகளையும் வாசித்திருக்கிறோம். பெருந்திட்டங்களுக்கு முன்னர் தொல்லியல் ஆய்வு வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இங்கும் சொல்கிறது. ஆனால் பார்க்க வருபவர் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில், பார்க்கச் சொல்வதே மிரட்டலாகிவிடுகிறது. அந்நம்பிக்கையை உண்டாக்கும் கடமை பார்க்க வருபவருக்கு உண்டு.

இருந்தும் என் மனம் சமாதானமாகவில்லை. 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, எலும்புக்கூட்டோடு சிறு முத்திரையொன்றும் கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழே பிராமி எழுத்து. இந்த மண்ணிலே எம் முன்னோர் எழுத்தறிந்து வாழ்ந்தார்கள் என்று மேடைதோறும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். அன்று அங்கு நின்றவர்கள் அந்த எலும்பைச் சல்லியமென்று எறிந்து, எம்மைப்போல் பொழுதுபட முன்னர் மூடியிருந்தால், காட்டுவதற்கு ஒன்றுமே இராது. காணியைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணி, அந்தக் காணியில் எமக்கு முன் யார் இருந்தார்கள் என்பதற்கான சாட்சியை நாமே அழித்தோமோ என்னவோ. அந்த மூலையில் இருந்தவர் யார் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. நானே அதைச் சொல்ல முடியாதபடி செய்தவர்களில் ஒருவன்.

ஓடுகளில் ஐந்தை மட்டும் அன்று எடுத்து வைத்தேன். ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தன என்ற குறிப்பு இல்லாததால் அவற்றின் பெறுமதி பெரும்பகுதியும் போய்விட்டது என்று, விடயம் தெரிந்த ஒருவர் அண்மையில் சொன்னார்.

அடுத்து மேற்கு வீதியில் தேர்க் கொட்டகை அமைக்கச் சபை எண்ணியுள்ளது. அத்திவாரத்துக்கு முன்னர் பல்கலைக்கழகத்தாரை அழைத்து, அங்கே இரண்டு பள்ளம் வெட்டிப் பார்க்கச் செய்வோம் என்று கடிதம் கொடுத்துள்ளேன். சென்ற கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டது. ஆதரவாக மூவர், எதிராக ஐவர்; மற்றவர்கள் ஒன்றும் பேசவில்லை. திருவிழா முடிந்தபின் மீண்டும் எடுப்பதாகக் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டுள்ளது.