துண்டைத் துவைத்தவள்

மாகறல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சம்பந்தர் பாடிய சிவன் கோயில் நினைவுக்கு வரும். எனக்குச் செய்யாற்று மணலும், காலனிக்குள் ஓடு போட்ட எங்கள் சின்னக் கோயிலும்தான். பூசைக்கு வெளியூரிலிருந்து சாமியார் வருவார். கோயிலைப் பெருக்குவதும் பீடத்துணியைத் துவைத்துக் கஞ்சி போடுவதும் அம்மா. கூலி உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "கோயில் வேலைக்குக் கூலி கேப்பாங்களாடி?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

எத்தனையோ சாமியார்களைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் பட்டா மனுவைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்களோடு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒருவர் பிள்ளைகளுக்கு ராத்திரிப் பாடம் எடுத்தார். ஒருவருக்கு எப்போதும் வரிப்பணக் கணக்கில்தான் கண். ஒருவர் காலனி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எல்லாரையும் அம்மா "சாமி" என்றுதான் கூப்பிட்டாள். இருபத்தெட்டு வயதுப் பையன் பட்டம் வாங்கி வந்தாலும், அறுபது வயது அம்மா எழுந்து நிற்பாள்.

ஆட்கள் இவ்வளவு விதமாக இருக்க, மரியாதை மட்டும் எப்படி ஒரே அளவாக இருந்தது? அது ஆளுக்கு அல்ல, அங்கிக்கு. அப்படியானால் அந்த அங்கிக்குள் இருக்கும் நல்லவரை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்வது? இதுதான் என்னை வெகுநாளாக அரிக்கும் கேள்வி.

திருச்சிப் பக்கம் விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டான் சுவாமியை எடுத்துக்கொள்வோம். சேசு சபைக் குரு. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனார். 2020 அக்டோபரில், 83 வயதில் கைது செய்யப்பட்டார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியதால், தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழாய் கேட்டு மனுப்போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகக் குவிகிறது. அது அங்கிக்காக அல்ல.

ஓரியூரை நினைத்தால் கை அவ்வளவு சுலபமாகக் குவிவதில்லை. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர், ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட இளைய மனைவி சேதுபதிக்கு உறவுப்பெண். அவள் அரசரிடம் முறையிட்டாள். நான் சிறுவயதில் கேட்ட பிரசங்கங்களில் அவள் பொல்லாதவள். அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரே நாளில் தாலியும் வீடும் போன பெண் எங்கே போவாள் என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் கேட்கவில்லை. வழக்குரைத்த கண்ணகிக்குச் சிலை வைத்த நாட்டில், இவளுக்குக் கிடைத்தது வசவு. புனிதர் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய நன்மையின் கணக்கில் அந்தப் பெண்கள் எழுதப்படவே இல்லை என்கிறேன்.

எழுதப்படாமல் போவது எங்கள் பக்கத்தில் பழைய விஷயம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை விதிகள் இருக்கின்றன. பராந்தகன் காலத்தவை. ஓலையில் பெயர் எழுத நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. எவ்வளவு நேர்மை என்று வியக்கிறோம். அந்தக் குடத்துக்குள் என் பாட்டியின் பாட்டி பெயர் விழ வழியே இல்லை. நேர்மை முழுவதும் குடத்துக்கு உள்ளே. சிவன் கோயில்களிலும் பெருமாள் கோயில்களிலும் கருவறை காலகாலமாக ஆண்களுக்கே. 2023இல் ஸ்ரீரங்கத்தில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்ததே பெரிய செய்தியானது. எங்கள் திருச்சபையிலோ, பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தனக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் போப் இரண்டாம் ஜான் பால் வழியாகச் சொல்லிவிட்டார்கள். "தரமாட்டோம்" என்றால் சண்டை போடலாம். "எங்கள் கையில் இல்லை" என்பவர்களிடம் என்ன செய்வது?

2016இல் போப் பிரான்சிஸ், பெரிய வியாழன் சடங்கில் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று விதியை மாற்றினார். அடுத்த வருஷம் எங்களுக்கு வந்திருந்த சாமியார் நல்லவர். பன்னிரண்டு பேரில் அம்மாவையும் உட்காரவைத்தார். வெடித்த குதிகாலை உள்ளே இழுத்துக்கொண்டாள் அம்மா. அவர் குனிந்து, தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, முத்தமிட்டார். அம்மா அழுதாள். நானும்தான். மறுநாள் விடியற்காலையில் அந்தத் துண்டைத் துவைத்தது அம்மா.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் ஆண்கள் பன்னிரண்டு பேரை வைத்துச் சடங்கை முடித்தார். இவர் கெட்டவர் இல்லை. விதி "கழுவலாம்" என்கிறது, "கழுவ வேண்டும்" என்று சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஒருவருடைய நல்ல மனசை நம்பிக் கிடைப்பது உரிமை ஆகாது. அவர் மாற்றலாகும்போது அதுவும் மூட்டை கட்டிப் போய்விடும்.

ஸ்டான் சுவாமி ஆதிவாசிகளுக்காக அதிகாரிகளின் இரக்கத்தைக் கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையை நடைமுறைப்படுத்து என்றார். அந்தக் குரு கற்றுத்தந்ததை அவர் சார்ந்த சபையிடமே நான் கேட்கிறேன். நல்ல சாமியார்களுக்கு நான் நன்றி சொல்வேன். அதற்காக என் கேள்வியைக் கைவிடமாட்டேன்.

அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. துண்டும் பீடத்துணியும் பக்கத்து வீட்டு மருமகளிடம் போயிருக்கின்றன. போன வாரம் அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டாளாம்: "ஏன் அத்தே, இதுக்கு மாசம் எவ்ளோ தருவாங்க?"

இந்த முறை அம்மா அவள் வாயை அடைக்கவில்லை. "கேட்டுப் பாரேன்" என்றாளாம்.