தேய்ந்தால் என்ன?

ஸ்டாம்ப் சேர்க்கிறவர்களைத் தெரியும். தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறவர்களையும் தெரியும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய வாக்குவம் க்ளீனர் சேர்க்கிற ஆசாமிகள் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். 1936-ல் ஹென்றி ட்ரேஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150, மறு வருஷம் வந்த எலக்ட்ரோலக்ஸ் 30 எல்லாம் அவர்களுக்கு நம் ஊர் ஐம்பொன் சிலை மாதிரி.

எந்தச் சேகரிப்பிலும் வருகிற கேள்வி இதிலும் உண்டு. வைத்து அழகு பார்ப்பதா, எடுத்து வீடு பெருக்குவதா?

ஓட்டினால் தேயும். ரப்பர் பெல்ட் தளர்ந்துபோகும், மோட்டாரின் கார்பன் பிரஷ் கரையும், துணிப் பை இற்றுப்போகும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் பழசு என்று எது மிஞ்சும்? கிரேக்கர்களின் பழைய புதிர்தான். தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்களே, அது அதே கப்பல்தானா என்று தத்துவக்காரர்கள் அடித்துக்கொண்டதாக புளூடார்க் எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் ரொம்பக் குழப்பமில்லை. கருவி என்பது அது செய்கிற வேலை. பெல்ட் மாற்றி ஓடுகிற ஹூவர், ஹூவர்தான். எல்லாம் ஒரிஜினலாக இருந்தும் ஓடாமல் நிற்பது தன்னுடைய போட்டோ. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றால் மட்டும் மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம்.

'அந்தக் காலத்துச் சரக்கே சரக்கு' என்று ஆரம்பிக்காதீர்கள். உழைக்காத சரக்கெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. மிஞ்சியதை மட்டும் பார்த்து அந்தக் காலத்துக்கு சர்டிஃபிகேட் கொடுப்பது நியாயமில்லை. ஐரோப்பிய யூனியன் 2013-ல் போட்ட விதிப்படி, 2017 செப்டம்பரிலிருந்து வாக்குவம் க்ளீனர் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும். தினம் அரை மணி ஓட்டினால் 1,000 நாள், மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதைக்கூட சட்டம் போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது! பழசின் நிஜமான பெருமை வேறு. ஸ்க்ரூ டிரைவரால் திறக்கலாம், உள்ளே என்ன நடக்கிறதென்று பார்த்தால் புரியும். ஓட்டுகிறவனுக்குத்தான் ரிப்பேர் தெரியும். ஓட்டுவதை நிறுத்தினால் அந்த வித்தையும் போய்விடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் முக்கியம்.

இந்த மெஷினை உருவாக்கிய ஜேம்ஸ் ஸ்பாங்ளர் ஓஹையோவின் கேன்டன் நகரில், ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கிய ஊழியர். ஆஸ்துமாக்காரர். தூசி தாங்காமல் ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறையை வைத்து ஒன்றைக் கட்டினார். 1908-ல் பேடன்ட் கிடைத்தது. உரிமையை வாங்கியவர் ஹூவர். உலகத்தில் நிலைத்த பெயரும் அதுதான். அப்புறம் வந்த விளம்பரங்கள் இல்லத்தரசிக்கு ஓய்வு தருவதாகச் சொல்லின. வந்ததா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் ஒரு புத்தகமே எழுதினார். முன்பு கம்பளத்தை எப்போதாவது ஒருமுறை வெளியே போட்டு அடிப்பார்கள். அதில் ஆண்களும் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள். மெஷின் வந்ததும் அது வாராவாரம் அவள் ஒருத்தியின் வேலையாயிற்று.

ஆக, அலமாரியில் மினுமினுக்கிற அந்த வஸ்து யாரோ ஒரு தொழிலாளியின் மூச்சுத்திணறல், யாரோ ஒரு பெண்ணின் மணிக்கட்டு வலி. துடைத்து வைத்துப் பார்த்தால் குரோமியம் மட்டும்தான் தெரியும். இழுத்துத் தள்ளிப் பெருக்கினால் அதன் கனம் தெரியும், இரைச்சல் தெரியும், மடங்கிய முதுகு தெரியும். ஏக்கத்தில் கொஞ்சம் பொய் இருக்கும். வேலையில் அது இருக்க முடியாது.

ஆகவே வைத்திருப்பவர்கள் தாராளமாக ஓட்டலாம். பழைய ஒயரில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம், ஓட்டுவதென்றால் நீங்களே ஓட்டுங்கள். மனைவி கையில் கொடுத்துவிட்டு 'நான் கலெக்டர்' என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.