கதவடைக்க முடியாத ஓஸ்

1910-இல் எல். ஃபிராங்க் பாம் தாம் படைத்த ஓஸ் என்ற மாய நாட்டுக்குக் கதவடைக்கப் பார்த்தார். அந்த ஆண்டு வெளிவந்த ஆறாவது ஓஸ் நூலின் முடிவில், நல்ல சூனியக்காரி கிளிண்டா நாட்டையே வெளியுலகின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறாள். இனிக் கதை கிடையாது என்று பாம் விடைபெற்றுக்கொண்டார். குழந்தைகள் விடவில்லை; கடிதங்கள் வந்தபடியே இருந்தன. அவருடைய மற்ற நூல்களும் அந்த அளவுக்கு விற்கவில்லை. 1913-இல் ஏழாவது நூல் வந்தது. கம்பியில்லாத் தந்தி மூலம் ஓஸிலிருந்து சேதி பெறலாமே என்று ஒரு குழந்தை யோசனை சொன்னதாக அதன் முன்னுரையில் எழுதினார்.

எழுதியவராலேயே நிறுத்த முடியாமல் போனது ஏன்? 1900-இல் சிகாகோவில் வெளியான முதல் நூலிலேயே பாம் கதையோடு ஒரு நாட்டையும் கட்டிவிட்டார். கிழக்கே மஞ்ச்கின்களின் நீலம், மேற்கே விங்கிகளின் மஞ்சள், தெற்கே குவாட்லிங்குகளின் சிவப்பு, நடுவில் மரகத நகரம், சுற்றிலும் பாலைவனம். கதையின் நாயகியான சிறுமி டாரத்தி நடந்தது அதில் ஒரு சிறு பகுதிதான். மீதி இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று குழந்தைகள் கேட்கத்தானே செய்வார்கள்?

இன்னொன்றும் உண்டு. மரகத நகர வாயிலில் காவலர் எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டி, தலைக்குப் பின்னால் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். உள்ளே பச்சையாகத் தெரிந்த டாரத்தியின் பட்டுடை, வெளியே வந்ததும் வெள்ளையாக இருக்கிறது. அந்த நகரை ஆளும் பெரிய மந்திரவாதியோ ஒமாஹாவிலிருந்து பலூனில் அடித்துவரப்பட்ட சாதாரண மனிதர். இப்படித் தன் வித்தையைத் தானே உடைத்துக் காட்டியும், பேசும் சோளக்கொல்லைப் பொம்மையையும் தகர மனிதனையும் உண்மையென்றே வைத்திருக்கிறது கதை. ஏமாற்று எது, அதிசயம் எது என்று பிரித்துக் காட்டும் இந்த நேர்மையால்தான் குழந்தைகள் ஓஸை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

1939-இல் வந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படம் இந்தக் கண்ணாடியை விட்டுவிட்டது. டாரத்தியின் வெள்ளிக் காலணியைச் சிவப்பாக்கியது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பயணம் முழுவதையும் கனவாக்கியதுதான் பெரிய இழப்பு. பாமின் ஓஸ் கனவல்ல. டாரத்தி பிறகு தன் மாமாவையும் அத்தையையும் அங்கேயே குடியேற்றிவிடுகிறாள்.

பாம் 1919-இல் இறந்தார். 1921 முதல் ரூத் பிளம்லி தாம்சன் மேலும் 19 நூல்கள் எழுதினார். கிரெகரி மெக்வயர் 1995-இல் ஓஸின் கெட்ட சூனியக்காரியின் பக்கமிருந்து எழுதிய ‘விக்கெட்’ நாவல் 2003-இல் இசை நாடகமாகவும் 2024-இல் திரைப்படமாகவும் வளர்ந்தது. ரஷ்யாவிலோ அலெக்சாந்தர் வோல்கோவ் 1939-லேயே டாரத்தியை எல்லியாக்கி முதல் கதையைத் திருப்பிச் சொன்னார். பிறகு பாம் எழுதாத தொடர்ச்சிகளைத் தாமே எழுதினார். சோவியத் குழந்தைகள் அறிந்த மரகத நகரம் அவருடையதுதான்.