இன்னும் கொஞ்சம்

2007-ல் தைவானின் ஆசூஸ் கம்பெனி 'ஈ பிசி' என்று ஒரு குட்டி லேப்டாப் கொண்டுவந்தது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, மலிவு விலை. மெயில் பார்க்க, கடிதம் எழுத இது போதுமே என்று ஆசையாக வாங்கினார்கள். அப்புறம், விரலுக்கு கீபோர்டு பத்தலை, வெப் பக்கம் முழுசாத் தெரியலை என்றார்கள். நியாயமான புகார்கள்தான். திரை 2008-லேயே 10 அங்குலமாச்சு, 2009-ல் 12. கூடவே எடையும் ஏறியது. சாதாரண லேப்டாப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 2010-ல் ஐபேடும் வந்துவிட, சில வருஷங்களில் 'ஈ பிசி' காணாமல் போனது.

வீடு, சம்பளம், கல்யாணச் செலவு எல்லாவற்றிலும் நாமும் இப்படித்தான். ஒவ்வொரு 'இன்னும் கொஞ்ச'மும் தனித்தனியாக நியாயம். கூட்டிப் பார்த்தால், முதலில் எதற்கு ஆசைப்பட்டோமோ அதைக் காணோம்.