வெயில் காயும் ஊரில் வைட்டமின் குறைவு

திருநெல்வேலியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குள் இருக்கும் ஊர். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். இங்கேயும் ரத்தப் பரிசோதனைத் தாளில் வைட்டமின் டி குறைவு என்று வருகிறது. சிலருக்கு அதே தாளில் சி.ஆர்.பி. கூடியிருக்கும். உடம்பில் எங்கோ அழற்சி இருந்தால் கல்லீரல் ரத்தத்தில் சேர்க்கும் புரதம் அது.

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெரியம்மா, மடித்து மடித்து ஓரம் கிழிந்த தாளை நீட்டிக் கேட்டார்: “எய்யா, இது கொறஞ்சதாலதான் அது கூடிட்டா?” விரல் நுனிகளில் புகையிலைத் தூள் அப்பியிருந்தது. அவர் கேட்டதைத்தான் மருத்துவ உலகமும் பல காலமாகக் கேட்டு வருகிறது.

பாதி உண்மை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நோய்க்கிருமியோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளணுக்கள் வைட்டமின் டியைத் தாங்களே செயல்வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். சண்டை எல்லை மீறாமல் இருக்க அது உதவுகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணும் குடலும் மூச்சுக்குழாயும் காவல் இழக்கும். திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. குறைவு என்பது வெறும் எண் இல்லை, உயிர் போகும் காரியம் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சாட்சி அது.

மறுபாதி அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. அழற்சி வந்தாலே ரத்தத்தில் சில வைட்டமின்களின் அளவு இறங்கும். வைட்டமின் ஏவைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் அப்போது குறைத்துவிடுகிறது. சரக்கு கல்லீரலில் இருக்கலாம், ரத்தத்துக்கு வராது. கன்னடியன் கால்வாய் காய்ந்து கிடக்கிறது என்பதற்காகப் பாபநாசம் அணை வற்றிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மடை அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இரும்புச்சத்தையும் உடம்பு இப்படித்தான் கிருமிக்குக் கிடைக்காமல் ஒளித்து வைக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களைக் கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது: அறுவைக்குப் பின் சி.ஆர்.பி. ஏற ஏற, வைட்டமின் டி சட்டென்று இறங்கியது. ஓரிரு நாளில் யாருக்கும் சத்துப் பஞ்சம் வந்துவிடாது. அழற்சி இப்படி எண்களை மாற்றிக் காட்டும் என்பதை மனதில் வைத்துத்தான் 2016–18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் குழந்தைகளுக்கு சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

அப்படியானால் மாத்திரை வீணா? இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துச் சுமார் ஐந்தாண்டு நடந்த ஆய்வில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு மாரடைப்போ புற்றுநோயோ குறையவில்லை. ஆனால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் முடக்குவாதம் போன்ற நோய்கள் 22 சதவீதம் குறைந்தன. பயன் உண்டு, எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து இல்லை. உண்மையிலேயே குறைந்தவருக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் அந்தப் பெரியம்மாவின் தாளை நினைக்கும்போது, எது காரணம் எது விளைவு என்ற வழக்கே எனக்குச் சிறியதாகத் தெரிகிறது. காலையில் மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை இலை, தூள், நூல். தூள் மூக்கில் ஏறுகிறது, இருமல் விடுவதில்லை. வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் தோலில் வைட்டமின் டியை உண்டாக்காது. மதியம் ரசமும் சோறும். ஓர் எண்ணை இறக்கியதும் மற்றதை ஏற்றியதும் இந்த ஒரே வாழ்க்கையாக இருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று தாயும் பிள்ளையும் அல்ல, ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பினால் வீடு அப்படியேதான் இருக்கும்.

அதனால் தாளைப் படிப்பவர், அண்மையில் காய்ச்சல் வந்ததா, இருமல் எத்தனை நாளாக, எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். காய்ச்சல் அடங்கியபின் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் வெயிலில் இருங்கள் என்று சொல்லும்போது ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: பீடிக்குக் கூலி ஆயிரம் கணக்கில். உச்சிவெயிலில் அரைமணி நேரம் வாசலில் நின்றால், அன்றைய ஆயிரம் நிறையாது.