புறப்படும் பிள்ளைக்குப் போடும் மாலை

மாணவன் ஒருவனுக்கு ஊரறியக் கிடைத்த பரிசால் அவன் தந்தை சிறைக்குப் போன கதை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரை தீப்பற்றியபின் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பாண்டியர் நீதியைப் பற்றிச் சொல்லும் கட்டுரை காதையில் அது வருகிறது. சோழநாட்டுப் பராசரன் சேரனிடம் பொருள் பெற்றுத் திரும்பும் வழியில், தங்கால் என்ற ஊரின் அரசமரத்தடியில் குடையையும் செருப்பையும் மூட்டையையும் இறக்கிவைத்து இளைப்பாறுகிறான். விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் அவனைச் சூழ்கிறார்கள். தன்னோடு ஒத்து வேதம் ஓதுபவன் இந்த மூட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்கிறான் பராசரன். வார்த்திகன் மகன் தக்கிணாமூர்த்தி முன்வருகிறான். பால்மணம் மாறாத வாய், தளர்ந்த நாக்கு. ஆனாலும் ஓசை பிறழவில்லை. வியந்துபோன பராசரன் முத்துப் பூணூல், கடகம், தோடு எல்லாவற்றையும் பையனுக்குக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விடுகிறான்.

வினை அதற்குப் பிறகுதான். பிள்ளையின் உடம்பில் நகை மின்னுவதை அரசு ஊழியர்களால் பொறுக்க முடியவில்லை. புதையலைக் கவர்ந்தவன் என்று பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையில் தள்ளுகிறார்கள். மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. விசாரித்துத் தவறை அறிந்த பாண்டியன், தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு அளித்து, நிலத்தில் விழுந்து வணங்குகிறான். அதன்பிறகே கதவு திறக்கிறது.

அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இப்போது அது சிவகாசி மாநகராட்சியின் ஒரு பகுதி. தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆலையும் அச்சகமும் சோறு போடும் வட்டாரம். இங்கே ஒரு பிள்ளை கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வானால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் எழும். காலை வழிபாட்டில் சால்வை, முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாலை, உறவின்முறை விழாவில் கேடயம் என்று வரிசையாக நடக்கும். அமெரிக்காவிலும் இப்படித்தான்: வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமிக்கும் அனாபோலிஸ் கடற்படை அகாடமிக்கும் செல்லும் மாணவர்களை, அவர்கள் பெயரைப் பரிந்துரைத்த நாடாளுமன்ற உறுப்பினர்களே விழா எடுத்துப் பாராட்டி அனுப்புவதுண்டு.

அந்தப் பிள்ளை இன்னும் ஒரு நாள்கூட எல்லையில் நின்றதில்லை, உறுதிமொழியும் எடுக்கவில்லை. அப்படியிருக்க, செயலுக்கு முன்னே சிறப்புச் செய்வது தகுமா? மேடையில் யாரும் கேட்காத கேள்வி இது. ஆனால் தமிழ் மரபு இதைப் பல நூற்றாண்டுகளாக யோசித்து வந்திருக்கிறது.

பிள்ளை கடந்து வந்தது எளிய பாதை என்று சொல்ல முடியாது. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், படைப்பணித் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) நேர்காணலுக்கு இன்னொரு 900. நேர்காணல் ஐந்து நாள் நீளும்; முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பெரும்பாலோர் திரும்பும் ரயிலைத் தேடவேண்டியிருக்கும். எஞ்சியவர்களை உளவியலாளர் ஒருபக்கம் எழுதவைத்துப் பார்ப்பார். மறுபக்கம் மைதானத்தில் கயிறும் பலகையும் கொடுத்துப் பள்ளத்தைத் தாண்டச் சொல்வார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனை. இத்தனையும் தாண்டியவன் பாராட்டுக்கு உரியவனே. ஆனால் மேடையில் பேசப்படுவது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. வீரம், தியாகம், நாட்டுக்காக உயிர் என்றே பேசுகிறார்கள். அவன் இன்னும் செய்யாத ஒன்றுக்குத்தான் அந்த மாலை விழுகிறது.

பழைய தமிழர் இந்த விஷயத்தில் கறாரானவர்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஆநிரைப் போரில் விழுந்தவனின் பெயர் தமிழி எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. தொல்காப்பியம் நடுகல்லுக்குப் படிநிலைகள் வகுக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. வாழ்த்து கடைசியில்தான் வருகிறது. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்பு மைதானம் மேஜர் பரமேஸ்வரன் பெயரைத் தாங்குகிறது. அவர் அதே வளாகத்திலிருந்து 1972-ல் அதிகாரியாகி வெளியேறியவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்த பிறகே பரம் வீர் சக்கரம் வந்தது, மைதானத்துக்கு அவர் பெயரும் வந்தது.

இதற்கு நேர் எதிரான ஓர் எண்ணத்தைச் சமயம் வைத்திருக்கிறது. திருத்தங்கல் குன்றின்மேல் நிற்கும் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று; பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. அங்கே தீர்த்தமும் சடாரியும் பெற வரிசையில் நிற்பவரிடம் யாரும் தகுதி விசாரிப்பதில்லை. தகுதிக்குப் பின் அருளா, அருளுக்குப் பின் தகுதியா என்பது தமிழ் வைணவத்தையே இரு கலையாகப் பிரித்த வழக்கு. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிரும் தன் பங்குக்குச் சிறு முயற்சியாவது காட்ட வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி வந்தோர் கருத்து. தாய்ப்பூனை தானே கவ்விச் செல்லும் குட்டியைப் போல அருளுக்குக் காரணமே வேண்டாம் என்பது பிள்ளை லோகாசாரியர் வழி.

மாலை விழாவை இந்த வழக்கில் எந்தப் பக்கம் நிறுத்துவது? அது தகுதிக்கான கூலி என்றால், அகாடமியிலிருந்து பாதியில் திரும்பும் பிள்ளை அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். சொல்லாமலே ஊர் அதைத்தான் கேட்கிறது. பயிற்சியில் ஒரு பருவம் பின்தங்கினால் 'ரெலிகேட்' செய்து ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளுவார்கள். சிலர் விலகியும் வருவார்கள். ஃபிளெக்ஸில் சிரித்த முகத்தோடு அதே தெருவில் திரும்பி நடப்பது பதினெட்டு வயதுக்குத் தாங்க முடியாத சுமை. அருள் என்று சொன்னாலோ வேறு சிக்கல். அதே தெருவிலிருந்து அக்னிவீரனாக நான்காண்டுக்குப் போகிறவனும் அதே எல்லைக்குத்தான் போகிறான். நான்காண்டு முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்தான் நிலைப்பார்கள் என்று தெரிந்தே போகிறான். அவனுக்குச் சால்வை போர்த்தும் விழாக்கள் மிகக் குறைவு. காரணம் வேண்டாத அருள் அதிகாரித் தேர்வோடு மட்டும் நிற்பானேன்?

இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு வழி புறநானூற்றில் கிடைக்கிறது. 312-ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு தாயைப் பேசவைக்கிறார். போருக்குப் போகும் இளைஞனின் கடமை அந்தப் பாட்டின் கடைசியில்தான் வருகிறது. அதற்குமுன் பெற்று வளர்க்கும் தாயின் கடன், சான்றோனாக்கும் தந்தையின் கடன், வேல் அடித்துக் கொடுக்கும் கொல்லனின் கடன், அரசனின் கடன் என்று நால்வரின் பொறுப்பு வரிசையாக எண்ணப்படுகிறது. ஒருவனைக் களத்துக்கு அனுப்புமுன் அத்தனை பேரும் கடன்பட்டிருக்கிறார்கள். மறக்குடியைப் பாடும் இதே மூதின்முல்லைத் துறையில் 326-ஆம் பாட்டைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். அந்த ஊரின் பொற்கொல்லர். அவர் காட்டும் மறவன் பாட்டின் இறுதியில்தான், களத்து யானையின் நெற்றிப்பொன்னைப் பரிசாகக் கொடுப்பவனாகத் தலைகாட்டுகிறான். பாட்டை நிறைப்பதெல்லாம் அவன் வீடும் ஊரும்தான்: இருட்டில் காட்டுப்பூனைக்கு மிரளும் பெட்டைக்கோழி, பஞ்சு நூற்கும் பெண்ணின் விளக்கு, சிறுவர்கள் பிடித்துவந்ததைச் சமைத்து விருந்தினருக்குப் படைக்கும் மனைவி. ஒரு வீரன் எங்கிருந்து வருகிறான் என்று பொற்கொல்லர் பார்த்திருக்கிறார்.

இந்தப் பாடல்களை வைத்துப் பார்த்தால், முன்கூட்டிச் செய்யும் சிறப்பு பிள்ளைக்குத் தரும் கூலியும் இல்லை, இனாமும் இல்லை. ஊர் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் கடனுக்கு அது சாட்சி. மாலை போடுகிற கைதான் அங்கே வாக்குக் கொடுக்கிறது.

பழைய ஏதென்ஸ் இதைச் செய்துகாட்டியது. போரில் இறந்தவரின் பிள்ளைகளை நகரமே தன் செலவில் வளர்த்தது. அவர்கள் ஆளானதும் தியோனிசுத் திருவிழாவில், நாடகம் தொடங்குமுன், முழுப் போர்க்கவசம் அணிவித்து அரங்கத்தில் மக்கள்முன் நிறுத்தியது. ஆளாகும்வரை சோறிட்ட பிறகு போட்ட மாலை அது. திருத்தங்கல் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் இது புதிதில்லை. 1889-ல் தொடங்கிய விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்தப்பட்ட பள்ளி. வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்த மகமையில் இந்தப் பகுதியில் எத்தனையோ பள்ளிகள் எழுந்தன. அந்த வித்தியாசாலையில் படித்த காமராஜர் முதல்வராக இருந்தபோதுதான், 1962 ஜூலையில், அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் அமராவதிநகர் சைனிக் பள்ளி திறக்கப்பட்டது. பிடியரிசி கொடுத்த வீட்டுக்கு அகாடமிக்குப் போகும் பிள்ளையின் மாலையில் பங்குண்டு.

விழாவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களோடு உடன்பட முடியாது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைக்கு இப்படி ஒரு அகாடமி இருக்கிறது என்பதைச் சொல்ல, பல சமயம் அந்த ஃபிளெக்ஸைத் தவிர ஆளில்லை. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் உண்மை. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில்தான் இடைக்கால உத்தரவிட்டது. 2022-ல் சேர்ந்தவர்களில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். திருத்தங்கலில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நிமிர்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும். அது கட்டாயம் வேண்டும்.

ஆனால் படத்தோடு நின்றுவிடும் ஊர், கட்டுரை காதையின் பராசரனைப் போல நகையைப் பூட்டிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. பயிற்சியில் முதுகெலும்பும் தலையும் அடிபட்டு, அதிகாரியாகுமுன்பே மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட கேடட்டுகளின் நிலையை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. பதவியேற்கவில்லை என்பதால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டமும் அதுவரை கிடையாது. அதே மாத இறுதியில்தான் அந்த மருத்துவ வசதி அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வருடக்கணக்கில் வீட்டிலிருந்த இந்தப் பிள்ளைகளும் ஒரு நாள் எங்கோ ஒரு பள்ளி மைதானத்தில் மாலையோடு நின்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

அகாடமியில் சேரும்போது பெற்றோர் கையெழுத்திட வேண்டிய தாள்களில் இரண்டு இவை. பயிற்சியில் பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டால், அதற்கான அறுவைச் சிகிச்சையில் உடல் குன்றினால் அல்லது உயிரே போனால், அரசிடம் இழப்பீடு எதுவும் கேட்க உரிமையில்லை என்பதை அறிவேன் என்று ஒரு சான்றிதழ். ஏற்கத்தக்க காரணமில்லாமல் பிள்ளை பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவேன் என்று ஒரு பாண்டு. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் வேலை பார்த்த தகப்பனுக்கு முதல் தாளின் பொருளை யாரும் விளக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த வட்டாரம் இது. ஆனால் மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது.

சால்வை போர்த்துமுன் அந்த இரண்டு தாளையும் தமிழாக்கி மேடையிலேயே உரக்கப் படிக்க வேண்டும். படித்த கையோடு, உறவின்முறையும் பள்ளியும் முன்னாள் படைவீரர் சங்கமும் ஆளுக்கு எதை ஏற்கிறார்கள் என்று அங்கேயே சொல்லலாம். பாண்டுத் தொகைக்குப் பொறுப்பாக ஒருவர், அடிபட்டால் மருத்துவச் செலவுக்கு ஒருவர், எந்தக் காரணத்தால் திரும்பிவந்தாலும் அந்த ஆண்டே சேர்த்துக்கொள்ள இடம் தருவதாக ஒரு கல்லூரி. அக்னிவீரனாகப் போகிறவனும் அதே நாளில் அதே மேடையில் நிற்கட்டும். மகமை வசூலித்துப் பள்ளி கட்டிய ஊர்களுக்கு இது பெரிய செலவில்லை.